களையென்று பிடுங்கும் கோரையும் கடையில் விலைபோகும் கோரையும்

கோரை என்றதும் நமது வாசகர்களில் வயதில் மூத்தவர்களுக்குப் பாய் நினைவுக்கு வரும். தோட்டக்காரருக்குக் களை நினைவுக்கு வரும். நாட்டு மருந்துச் சரக்குக் கடை வைத்திருப்பவருக்குக் கோரைக்கிழங்கு மூட்டை நினைவுக்கு வரும். பூச்சாடியில் வைத்து, பணம் கொடுத்து வாங்கிச் செல்லும் அழகுச் செடியாக அதை நினைப்பவர் நம்மில் மிகக் குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் முற்றத்தையும் விருந்தினர் விடுதிகளின் வாசலையும் சற்றுக் கவனித்துப் பாருங்கள். நீண்ட தண்டின் உச்சியில் குடை விரித்தாற்போல் இலைகளைப் பரப்பிக்கொண்டு ஒரு பச்சைச் செடி நிற்கும். அதுவும் கோரைதான்.

சிறு முதலோடு என்ன தொழில் தொடங்கலாம் என்று இப்பக்கத்துக்கு வரும் கேள்விகள் ஓய்ந்தபாடில்லை. கேட்பவர்களும் கோழி வளர்ப்பு, தையல், கைத்தொலைபேசிக் கடை என்ற மூன்றையே சுற்றிச் சுற்றிக் கேட்கின்றனர். ஒரே வீதியில் பத்துப் பேர் செய்யும் தொழிலைப் பதினோராவது ஆளும் செய்வதற்கு என்னுடைய ஆலோசனை எதற்கு? எனவே இம்முறை யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இதில் இலாபம் உண்டு. கவனமில்லாமல் இறங்கினால், வாங்கியவருடைய காணியையே கெடுத்துவிடக் கூடிய ஆபத்தும் உண்டு. அந்த இரண்டாவது விடயத்துக்காகவே இக்கட்டுரை சற்று நீளுகிறது.

முதலில் பொருளை அடையாளம் காண்போம். கோரைக் குடும்பத்தில் உலகெங்கும் 5,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பார்வைக்குப் புல் போலத்தான் இருக்கும். ஆனால் தண்டைக் கிள்ளி இரு விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் புல் உருண்டோடும், கோரை உருளாது. பெரும்பாலான கோரைகளின் தண்டு மூன்று பட்டையாக இருக்கும். புல்லின் தண்டில் கணு இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கோரைத் தண்டில் பொதுவாகக் கணு தெரியாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். செடி விற்க நினைப்பவர் இந்த ஒரு சோதனையையாவது தெரிந்திருக்க வேண்டும். கோரை என்று சொல்லிப் புல்லையும், புல் என்று சொல்லிக் கோரையையும் தள்ளிவிடும் இடங்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்கு வர்த்தக உலகில் நீண்ட வரலாறு உண்டு. பண்டைய எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய பப்பைரஸ் தாள், நைல் நதிச் சதுப்புகளில் வளர்ந்த ஒரு கோரையின் தண்டைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திச் செய்யப்பட்டது. இஸ்லாமிய ஆட்சி எகிப்துக்கு வந்த பின்னும் பல தலைமுறைகள் அரச ஆவணங்கள் இதில்தான் எழுதப்பட்டன. கி.பி. 685 முதல் 705 வரை ஆட்சி செய்த கலீபா அப்துல் மலிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர் பலாதுரி பதிவு செய்துள்ளார். அக்காலத்தில் எகிப்திலிருந்து ரோமானியருக்குத் தாள் சென்றது. அங்கிருந்து தீனார் நாணயம் வந்தது. தாள் சுருளின் தலைப்பில் கலீபா இஸ்லாமிய வாசகத்தைப் பொறிக்கச் செய்தபோது ரோமானிய மன்னர் அதனை விரும்பவில்லை. பதிலுக்கு நாணயத்தில் முஸ்லிம்கள் வெறுக்கும் வாசகத்தைப் பொறிப்பேன் என்று எச்சரித்தார். கலீபாவோ சொந்தமாகத் தீனார் அச்சிடத் தொடங்கிவிட்டார். ஒரு கோரைத் தாள் விற்பனையில் எழுந்த தகராறு ஒரு நாணயத்தையே உருவாக்கியது என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழகத்தில் திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிக் கரையோரப் பகுதியில் உள்ள பத்தமடையில் கோரைப்பாய் நெய்வது நமது லெப்பைக் குடும்பங்களின் பரம்பரைத் தொழில். கோரையை ஆற்றுநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, உலர்த்தி, நூல்போலக் கிழித்து நெய்யும் மெல்லிய பாயைப் பட்டுத் துணிபோல மடித்துப் பையில் வைக்கலாம். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. நமது கிழக்கிலங்கையிலும் பன் பாய் இழைப்பது பெண்களின் வீட்டுக் கைத்தொழிலாக இருந்தது. பிளாஸ்டிக் பாய் வந்து அதன் சந்தையைச் சுருக்கிவிட்டது. பிளாஸ்டிக் பாய் விற்பவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி நீர்வேலிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் வாழையும்தான் அவ்வூரின் அடையாளம். கதலி, இதரை, கப்பல் என்று குலைகுலையாக அங்கிருந்து சந்தைக்கு வருகின்றன. வாழைக்குலை எடுக்கும் தொடர்பில் நான் போய்வரும் தோட்டம் ஒன்று அங்குண்டு. தோட்டக்காரர் எழுபதை நெருங்குபவர். அவருடைய கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும் கல்லிலிருந்து நீர் வழிந்தோடும் இடத்தில், ஆளுயரத்துக்குக் குடைக்கோரை பற்றையாக நிற்கிறது. பல வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த ஒரு தண்டிலிருந்து வீட்டுக்கார அம்மா உண்டாக்கியது. இதைச் சாடியில் வைத்து விற்றால் நகரில் எடுப்பார்கள் என்று நான் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"நானா, உந்தக் கோரையை நாங்கள் ஆயுள் முழுக்கப் பிடுங்கி எறிஞ்சு களைச்சுப் போனம். நீங்கள் அதை நட்டு விக்கிற கதை கதைக்கிறியள்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவர் பிடுங்கியது ஒரு கோரை, அவருடைய கிணற்றடியில் நிற்பது வேறொரு கோரை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

விற்கத்தக்க கோரைகளைப் பார்ப்போம். எங்கள் வெயிலுக்கு முதலிடம் குடைக்கோரைக்குத்தான். ஆங்கிலத்தில் இதனை 'அம்பிரல்லா பாம்' என்பர். பனை நாட்டில் நின்றுகொண்டு இதைப் பனை என்று விற்க எனக்கு மனமில்லை. ஆபிரிக்காவும் அரேபியாவும் இதன் தாயகம். நான்கு ஐந்து அடி உயரம் வளரும். முழு வெயிலிலும் நிற்கும், அரை நிழலிலும் நிற்கும். வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தால் போதும். மற்றச் செடிகளுக்கு அதிகம் தண்ணீர் ஊற்றியே கொல்பவர்கள் நம்மில் ஏராளம். அத்தகைய கைகளுக்குப் பொருத்தமான செடி இதுதான்.

இதனைப் பெருக்குவது எளிது. முற்றிய தண்டு ஒன்றைக் குடையிலிருந்து இரண்டு விரற்கடை கீழே வெட்டுங்கள். குடையின் இலைகளைப் பாதியளவுக்குக் கத்தரித்துவிடுங்கள். பின்னர் அதனைத் தலைகீழாக, குடை நீருக்குள் இருக்கும்படி, அகன்ற பாத்திரத்தில் மிதக்க விடுங்கள். நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் குடையின் நடுவிலிருந்து வேரும் முளையும் வந்துவிடும். தண்டைப் பிடித்து நேராக மண்ணில் குத்தி வைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று முறையிடுபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். முளை வருவது குடையிலிருந்து, தண்டிலிருந்தல்ல. மற்றைய வழி, பற்றையைக் கிளப்பிக் கத்தியால் பிரித்து நடுவது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரிக்கத்தான் வேண்டும். நடுப்பகுதி முதுமையடைந்து காய, ஓரத்தில் மட்டும் இளந்தண்டு நிற்கும். ஓரத்தை நட்டுவிட்டு நடுவை எறிந்துவிடலாம். புரட்டாதியில், மாரி பிடிக்க முன்னர் பிரித்தால் மழையோடு வேர் பிடித்துவிடும்.

பழுத்த தண்டை அடியோடு வெட்ட வேண்டும். ஒரு தண்டு ஒரு குடையைத்தான் தரும். பாதியில் வெட்டினால் மீதி வெறும் குச்சியாக நின்று காயும். இலை நுனி கபில நிறமாகக் கருகினால், சாடி எப்போதோ காய்ந்திருக்கிறது அல்லது தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். உப்பாற்றுப் பக்கமாகவும் கரையோரங்களிலும் கிணற்று நீர் கோடையில் சவராகும். அத்தகைய வீட்டுக்கு விற்கும்போது, மாரியில் மழைநீரால் சாடியை நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள். காய்ந்த காலத்தில் சிலந்திப்பேனும் மாவுப்பூச்சியும் வரும். அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். மருந்துப் போத்தலை அதற்குப் பிறகு தேடலாம். பூனை வளர்ப்பவர் வீட்டில் மட்டும் இலைக்கு உத்தரவாதம் இல்லை. பூனை இதனைக் கடித்துக் குதறும்.

பப்பைரஸ் கோரை இதைவிடக் கம்பீரமானது. தன் தாயகத்தில் பதினைந்து அடி வரை போகும். உச்சியில் பச்சை நூற்கற்றை போலத் தலை விரிக்கும். விடுதிக்காரர்கள் இதைத்தான் விரும்புவர். ஆனால் எங்கள் சோளகக் காற்று அதன் எதிரி. வைகாசி தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாமல் வீசும் காற்றில் நெடுந்தண்டு முறிந்து தொங்கும். மதில் மறைவோ கட்டட மறைவோ இல்லாத இடத்துக்கு இதனை விற்கக் கூடாது. அதே சாயலில் இரண்டு மூன்று அடி மட்டும் வளரும் குள்ளப் பப்பைரஸ் வகை உண்டு. சிறிய முற்றத்துக்கும் கண்ணாடித் தொட்டிக்கும் அதுவே பொருத்தம். வெள்ளை நட்சத்திரம் விரிந்தாற்போல் தெரியும் கோரை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கப் பக்கத்துச் சதுப்பு நிலத்தது. வெள்ளையாகத் தெரிவது பூவல்ல, பூவைச் சுற்றியுள்ள இலை. ஆதலால் பல நாட்கள் வாடாமல் நிற்கும். ஆனால் நிலத்தடியில் ஓடி ஓடிப் பரவும் குணம் கொண்டது. சாடிக்குள்ளேயே வைத்திருக்கும்படி சொல்லி விற்பது நல்லது.

வெளிநாட்டுப் படங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த கோடுகளோடு குஞ்சம்போல் தொங்கும் கேரெக்ஸ் வகைகளைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஜப்பான், நியூசிலாந்து போன்ற குளிர் கலந்த நாடுகளின் செடிகள் அவை. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் முயன்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அவற்றை வைத்திருப்பது ஐஸ்கிரீமை முற்றத்தில் வைத்து விற்பது போலத்தான்.

சாடிக்கலவையில் இரகசியம் எதுவுமில்லை. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. தென்னந்தும்புத் தூளை அதிகம் சேர்த்தால் தண்ணீர் ஊற்றியதும் மேலே மிதக்கும். மேலே இரண்டு அங்குலம் சல்லி பரப்ப வேண்டும். அடியில் துவாரம் இல்லாத சாடிக்குள், துவாரமுள்ள சிறிய சாடியை இறக்கி வைப்பது என் வழக்கம். பசளை அதிகம் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் கிடைக்கும். இனிச் சொல்வது நீர்வேலி மண்ணில் கால் வைத்தவருக்கே தெரியும்.

செம்மண் இரண்டு பங்கு என்றேன் அல்லவா? அந்த மண் எங்கிருந்து வருகிறது? தோட்டக் காணிகளிலிருந்து. அந்தக் காணிகளில் என்ன இருக்கிறது? பெரியவர் ஆயுள் முழுக்கப் பிடுங்கிய கோரை. சைப்பிரஸ் ரொட்டண்டஸ் என்று தாவரவியலார் அழைக்கும் இந்தக் கோரையை உலகின் மிக மோசமான களை என்று 1977இல் களை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினர். வெப்ப நாடுகளில் இது இல்லாத பயிர்நிலத்தைக் காண்பது அரிது. மேலே ஒரு சாண் உயரத்தில் நாலு இலை, ஒரு கபிலப் பூ. கீழேயோ கிழங்கு, கிழங்கிலிருந்து நூல்போல ஒரு வேர்த்தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று தஸ்பீஹ் மணிபோலக் கோர்த்துக்கொண்டு போகும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கும். சங்கிலி அறுந்த கிழங்குகள், அதுவரை உறங்கியவை கூட, முளைக்கத் தொடங்கிவிடும். ஒற்றைக் கிழங்கு ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். களை மூடுவதற்கு விரிக்கும் கறுப்புப் பொலித்தீனையே ஊசிபோலக் குத்திக்கொண்டு மேலே வரும். உருளைக்கிழங்கு பயிரிடுவோரைக் கேளுங்கள், கிழங்கின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளிவந்த கோரை முளையைக் காட்டுவார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அழகான குடைக்கோரைச் சாடி ஒன்றை வாடிக்கையாளர் வாங்கிச் செல்கிறார். சாடி மண்ணில் இரண்டு கோரைக்கிழங்கு இருக்கிறது. ஆறு மாதத்தில் குடைக்கோரைக்கு நடுவே இன்னொரு புல் முளைக்கிறது. அதுவும் நீங்கள் விற்ற செடியின் குட்டியென்று அவர் எண்ணுகிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சாயலும் ஒன்றாகத்தான் இருக்கும். பற்றையைப் பிரித்து முற்றத்தில் நடுகிறார். இரண்டு மாரி கழிந்தால் அந்த முற்றம் அவருக்கு இல்லை. வாழைக்குட்டி விற்பனையிலும் இதே கதைதான். குட்டியின் அடிக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு கோரையும் ஊர்விட்டு ஊர் போகிறது.

பொருளில் குறை இருந்தால் அதனை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டே விற்க வேண்டும் என்பது நமக்குப் பள்ளிப்பருவத்திலேயே போதிக்கப்பட்ட விடயம். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியின் செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. சாடிக்குள் மறைந்திருக்கும் கிழங்கு அதனிலும் பார்க்கக் கொடியது, ஏனெனில் ஈரத் தானியம் பெருகுவதில்லை. "மண்ணுக்குள் இருந்தது எனக்கெப்படித் தெரியும்?" என்று விற்பவர் கேட்கலாம். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

மண் வந்ததும் சாடியில் நிரப்ப வேண்டாம். அரை அங்குலக் கண்ணறையுள்ள சல்லடையால் ஒரு தடவை அரித்தால் பெரிய கிழங்குகளும் வேர்த்தண்டுச் சங்கிலியும் சிக்கும். பின்னர் மண்ணை நனைத்து, திறந்த வெயிலில் மூன்று வாரம் விட்டு வையுங்கள். கோரை இருந்தால் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முளைத்ததைக் கிழங்கோடு கிளப்பி எடுங்கள். இன்னும் நல்ல வழி, பங்குனி சித்திரை வெயிலில் சீமெந்துத் தரையில் மண்ணை மெல்லியதாகப் பரப்பி, நாட்கணக்கில் புரட்டிப் புரட்டி முற்றாகக் காய விடுவது. கோரைக்கிழங்கு வெட்டையும் தாங்கும், வெள்ளத்தையும் தாங்கும், முற்றாக உலர்வதைத் தாங்காது. ஆகவே ஒரு வருடத்துக்கு வேண்டிய மண்ணைக் கோடையிலேயே காயவைத்துப் பையில் கட்டி அடுக்குபவர் நல்ல வியாபாரி. அரித்தெடுத்த கிழங்கைக் கூட்டெருக் குழியில் போட்டுவிட வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அதற்கும் ஒரு சந்தை உண்டு. சித்த மருந்திலும், சிங்களத்தில் 'கலந்துரு' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்திலும் சேர்வது இதே கிழங்குதான்.

பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப மண்ணைத்தான் விக்கவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றார். உண்மைதான். கோரை இல்லாத, அரித்துக் காயவைத்த செம்மண் பை ஒன்றுக்கு நகரத்தில் நல்ல விலை கிடைக்கும். செடியைவிட அதில் இலாபம் அதிகமாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது நுளம்பு. கோரைச் சாடியில் தண்ணீர் தேங்கும். 2017ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்குக்கு ஆளானதை மறந்துவிட முடியாது. நுளம்பு பெருக இடமளிப்பவர் மீது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். நீங்கள் விற்ற சாடியால் வாடிக்கையாளர் நீதிமன்றம் ஏறினால் மறுமுறை உங்கள் கடைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். இதற்கும் வழி சுலபம். கோரைக்கு வேண்டியது ஈரம், திறந்த தண்ணீர் அல்ல. சல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே தண்ணீர் நிற்கும்படி பக்கத்தில் ஒரு வழிகாலைத் துளைத்துவிட்டால் நுளம்புக்கு முட்டையிட நீர்ப்பரப்பே கிடைக்காது. திறந்த தொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குக் கப்பி மீன் நாலைந்து சேர்த்துக் கொடுங்கள். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டை வாரம் ஒரு தடவை கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது.

கிணற்றடிக்கு மீண்டும் வருகிறேன். அந்த வீட்டில் உடுப்புத் தோய்த்த நீர் வழிந்தோடும் இடத்தில் சேறும் இல்லை, நாற்றமும் இல்லை. அம்மாவுக்கு அது சாதாரணம். அறிந்தோருக்கு அது பெரிய விடயம். குடைக்கோரையையும் அதன் உறவினங்களையும் சல்லிப் பாத்தியில் நட்டு, கழிவுநீரை அதற்குள் மெதுவாக ஓடவிட்டுச் சுத்திகரிக்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அழுக்கைத் தின்பது பெரும்பாலும் சல்லியிலும் வேரிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். கோரையின் வேர் அவற்றுக்கு இடமும் சிறிது காற்றும் கொடுத்து, நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற சத்துக்களில் ஒரு பகுதியைத் தானும் உறிஞ்சிக்கொள்கிறது.

இது யாழ்ப்பாணத்துக்கு ஏன் முக்கியம்? குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதையே வருடம் முழுவதும் இறைத்துக் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் விடுகிறோம். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே ஊற்றுவது விரைவில் கீழே போய்விடும். பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சொல்லிவருகின்றனர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிய கிணறுகள் தோட்டப் பகுதிகளில் பல உள்ளன. ஆகவே கழிவுநீரைக் கிணற்றுக்கு அருகே குழிவெட்டி இறக்குவது நமது குடிநீரில் நாமே கைவைப்பதாகும்.

இரண்டடி ஆழத்தில் நீளமான பாத்தி வெட்டி, தடித்த பொலித்தீன் விரித்து அல்லது சீமெந்து பூசி, கருங்கல் சல்லி நிரப்பிக் கோரை நட்டால் ஒரு வீட்டின் குளியல், தோய்ப்பு நீரை அதற்குள் விடலாம். மறுமுனையில் வருவது குடிநீர் அல்ல. வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். மலசலகூட நீரை இதில் சேர்க்கக் கூடாது. சமையலறை நீரைச் சேர்ப்பதானால் எண்ணெயைத் தடுக்க முன்னால் ஒரு சிறு தொட்டி வேண்டும். நமது பள்ளிவாசல்களில் வுழூ செய்து வழிந்தோடும் நீரையும் எண்ணிப் பாருங்கள். சவர்க்காரம் கலவாத, வீட்டுக் கழிவுநீரை விடப் பன்மடங்கு சுத்தமான நீர் அது. ஐந்து நேரமும் கானுக்குள் போகிறது. நிர்வாகசபையினர் ஒரு கோரைப் பாத்தி அமைத்து அதன் முடிவில் நாலு வாழை வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. இதனை அமைத்துக் கொடுப்பது ஒரு மேசன், ஒரு உதவியாள், ஒரு நர்சரிக்காரர் சேர்ந்து செய்யக்கூடிய தொழில். செடி விற்பதைவிடக் கூலியும் மதிப்பும் கூடிய தொழில்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தாய்ப்பற்றை வருடத்தில் ஆறாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த வருடம் 36, அதற்கடுத்த வருடம் 216. முதல் கிட்டத்தட்ட இல்லை. மகிழ்ச்சியான கணக்குத்தான், ஆனால் இதே கணக்கு உங்கள் வாடிக்கையாளருக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம். இன்று ஒரு சாடி வாங்கியவர் இரண்டு வருடத்தில் அயலவருக்கெல்லாம் இனாமாகக் கொடுப்பார். எனவே செடியை மட்டும் நம்பினால் விலை விழும். விற்பனை விலை 100 ரூபா என்றால் அதில் பெரும்பங்கு சாடிக்கும் சல்லிக்கும் போகும், செடியின் அடக்கவிலை மிகச் சொற்பம் என்ற நிலையில்தான் இத்தொழில் நிற்கிறது. அழகான சாடியைத் தேடிப் பிடிப்பவரே வெல்வார். உடைந்து ஒதுக்கிய பித்தளை அண்டா, பழைய ஆட்டுக்கல், சீமெந்துத் தொட்டி என்று தண்ணீர் பிடிக்கும் எதுவும் கோரைக்குப் பொருந்தும். பழைய பொருள் வாங்கி விற்கும் நமது சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு வழி வாடகை. விடுதிகளுக்கும் வங்கிகளுக்கும் செடியை விற்காமல் மாத வாடகைக்கு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உள்ளே நின்றதை வெளியே எடுத்து, வெளியே நின்றதை உள்ளே வைப்பது. கோரை குளிரூட்டிய அறைக்குள் மாதக்கணக்கில் நின்றால் சோரும். மாற்றி மாற்றி வைத்தால் எப்போதும் செழிப்பாகத் தெரியும். வாங்கும் நிறுவனத்துக்குப் பராமரிப்புத் தலைவலி இல்லை. உங்களுக்கு மாதாமாதம் வருமானம்.

புதிய வகை தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2019இல் பலாலி விமான நிலையம் சென்னைக்குத் திறக்கப்பட்டதும், 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் நமக்கு வசதிதான். ஆனால் பயணப் பைக்குள் நாலு கிழங்கை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இது வெறும் கடதாசி வேலை அல்ல. ஆகாயத்தாமரையை 1905இல் அதன் ஊதாப் பூவின் அழகுக்காகத்தான் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு வருடத்துக்குள், 1909இல், அதனைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நூறு வருடம் கடந்தும் குளங்களில் அதனை இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறோம். கோரையும் நீர்ச்செடிதான். குடைக்கோரையே சில நாடுகளில் வாய்க்கால்களில் பரவித் தொல்லை கொடுத்திருக்கிறது. பிரித்து மிஞ்சிய பற்றையைக் குளத்தோரத்திலோ வெள்ள வாய்க்காலிலோ எறியாமல் வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.

பெரியவர் இப்போது கிணற்றடிப் பற்றையிலிருந்து பதினைந்து சாடி பிரித்து வைத்திருக்கிறார். மண்ணை அரித்து, நனைத்து, மூன்று வாரம் காத்திருந்ததில் முதல் குவியலிலேயே ஒரு சிரட்டை நிறையக் கோரைக்கிழங்கு அகப்பட்டது. அதனை அவர் எறியவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சாடிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.